மாமி நாற்பத்திரண்டு, லாத்தா இருபத்தைந்து

ஐந்தே நிமிடத்தில் திறந்துவிட்டேன் என்று இனிமேல் யாரும் என்னிடம் வந்து பெருமையடிக்க வேண்டாம். போன வாரம் நான் நம் சர்வீஸ் கடைப் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். யாரோ ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றாராம். இவர் டீ ஆறுவதற்குள் திறந்து கொடுத்துவிட்டாராம். யாருடைய லேப்டாப் என்று கேட்டேன். கொண்டுவந்தவருடையதுதான் மேடம் என்றார். எப்படித் தெரியும் என்றேன். அவர்தானே கொண்டுவந்தார் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் கடைக்கு வந்து கத்துகிறாள் என்ற பேர் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள்.

கோபம் அந்தத் தம்பி மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்ன அதே பதிலை அதே திமிரோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நின்ற பெண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தபோது விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற பெண் நான் ஒருத்திதான். கடலூர் ரோட்டில் இதே கடை. வெளி வேலைக்குப் போய் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பையை எடுத்தால், "மெக்கானிக் வரலையாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் மெக்கானிக் என்றால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தவே நான் வேகமாக வேலை செய்யப் பழகினேன். மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுப்பதை அரை மணியில் முடிப்பேன். முடித்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு இங்கிருந்துதான் முளைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எல்லா இடத்திலும் விண்டோஸ் எக்ஸ்பிதான். அதைப் புதிதாகப் போடும்போது இதை யார் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பெயர் கேட்கும். எங்கள் கடை வழக்கம் என்ன தெரியுமா? பில் யார் பெயருக்கோ அவர் பெயரை அடிப்போம். அந்த மெஷினில் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிறவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிற பெண் உட்காரும் மெஷினில் மில் முதலாளி பெயர் இருக்கும். டுடோரியலில் பாடம் நடத்துகிறவர் மெஷினில் கட்டடக்காரர் பெயர் இருக்கும். இது ஒரு தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் பாதி மெஷின்களை அதில் ஒரு வரி கூட அடிக்கத் தெரியாதவர்கள் பெயரில் நாங்களே எழுதி வைத்தோம்.

தனசேகர் என்று ஒருவர். செராமிக் தொழிற்பேட்டையில் யூனிட் வைத்திருந்தார். பொம்மை, ஜாடி, டீ கப் எல்லாம் செய்கிற யூனிட். ஒரு நாள் காலையில் கடைக்கு போன் செய்தார். சிஸ்டம் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, ஆள் அனுப்புங்க என்றார். நான் போனேன்.

பேட்டை மெஷின்களைத் திறந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஃபேன், போர்டு எல்லாம் வெள்ளை மாவு பூசியிருக்கும். அன்றைக்கும் முதலில் தூசியைத் தட்டினேன். பிறகு எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டேன். உள்ளே இருப்பது எதுவும் போகக்கூடாது என்று தனசேகர் இரண்டு தடவை சொன்னதால் ஃபார்மேட் அடிக்கவில்லை, பழையதன் மேலேயே போட்டேன். பெயர் கேட்டது. வழக்கப்படி தனசேகர் என்று அடித்தேன். மெஷின் கிளம்பியது. அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"இரும்மா. பழைய ஃபோல்டர் ஒண்ணு இருக்கும் பாரு. அது தொறக்குதா?"

இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் மெகர் என்று பெயர். அழுத்தினால், அனுமதி இல்லை என்று பெட்டி வந்தது. அந்த ஃபோல்டரை வைத்திருந்தவர் தன்னைத் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார். விண்டோஸை மாற்றிப் போட்டாலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். அதை எப்படி எடுப்பது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் அன்றே தெரியும்.

"இது யாருதுங்க சார்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எனக்குச் சாதகமாக எழுதவில்லை. கேட்டுவிட்டும் செய்தேன் என்பதற்காக எழுதுகிறேன்.

"என் ஆபீஸ்ல இருக்கறது எல்லாம் என்னுதுதான். ஏன், முடியாதா? பொம்பளப் புள்ளைய அனுப்பும்போதே நெனச்சேன். பரவால்ல வுடு, கடலூர்ல இருந்து ஒரு பையன வரச் சொல்றேன்."

போதாதா எனக்கு? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அந்த மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னக் குழந்தையின் ஸ்கூல் போட்டோ இருந்தது. தனசேகரின் பிள்ளைகள் அப்போதே காலேஜில் படித்தார்கள். நாற்காலி முதுகில் ஒரு துப்பட்டா தொங்கியது. கீபோர்டு பக்கத்தில் ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே செய்தேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த ஃபோல்டருக்குச் சொந்தக்காரர் தனசேகர் என்று மெஷினில் மாற்றி எழுதினேன். திறந்துகொண்டது.

உள்ளே ஒரு குழந்தையின் படங்கள் இருந்தன. இன்னொரு ஃபோல்டரில் சின்னச் சின்னப் பீங்கான் வில்லைகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பிறகு ஏகப்பட்ட எக்ஸெல் ஃபைல்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். மாமி 42, லாத்தா 25, சாச்சி 18, மச்சான் 12, கொழுந்தன் 3 என்று இருந்தது. ஏதோ வீட்டுச் சமாசாரம் என்று நினைத்தேன். யாரோ ஒரு முஸ்லிம் பெண் தன் சொந்தக்காரர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாள், அதை எடுத்து ஒரு ஆணின் முன்னால் விரித்து வைத்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் உறுத்தியது. ஆனால் தனசேகர் மற்றவர்கள் சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். இந்த முறை அவர் என்னைப் பார்த்து, "பரவால்லியே, கெட்டிதான் நீ" என்றார். அந்த உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

"எல்லாத்தையும் இந்தப் பென் டிரைவ்ல போடு. இங்க இருந்து தூக்கிடு. குப்பைத் தொட்டியிலயும் இருக்கக் கூடாது."

போட்டேன். தூக்கினேன். குழந்தையின் படங்களையும் சேர்த்து என் கையாலேயே அழித்தேன்.

கடைக்கு வந்ததும் கடைக்காரர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். தனசேகர் போன் செய்து புகழ்ந்தாராம். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் கனமான ஒரு கட்டைப் பை. பையைக் கீழே வைத்தபோது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"பேட்டையில தனசேகர் சார் யூனிட்டுக்கு வந்தது யாருங்க?"

"நான்தான். சொல்லுங்க."

"நீங்களா?" என்றாள். ஆம்பளை யாரோ வந்திருப்பான் என்று எதிர்பார்த்து வந்தவள்போல ஒரு நிமிடம் தடுமாறினாள். பிறகு, "என் பேரு மெகருன்னிசா. நீங்க தொறந்தது என் ஃபோல்டரு" என்றாள்.

மங்கலம்பேட்டைக்காரி. கணவர் சவுதியில். இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு நான்கு வருடமாகத் தனசேகர் யூனிட்டில் வேலை. பீங்கான் மேல் பளபளவென்று பூசுகிற பூச்சை கிளேஸ் என்பார்கள். அதைக் கலக்குவது அவள் பொறுப்பு. யூனிட் வேலை முடிந்த பிறகு தன் சொந்தச் செலவில் பவுடர் வாங்கித் தானாக ஒரு கிளேஸ் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயம் சேராத ஒரு மயில் பச்சை. பேட்டையில் எல்லா யூனிட்டும் பொம்மைகளைக் கொண்டுவந்து சுடுகிற பொதுச் சூளை இருந்தது. அதில் அடுத்தவர் பொம்மைகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் தன் வில்லைகளைச் செருகிச் சுட்டெடுத்தாள். இப்படி இருநூற்றுப் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் என்ன கலந்தாள், என்ன சூடு, எவ்வளவு நேரம் என்பது அந்த எக்ஸெல்லில் இருந்தது. வில்லையின் பின்பக்கம் நம்பர் மட்டும் கீறியிருந்தாள்.

தானே யூனிட் வைக்க, பேட்டையில் காலியாக இருந்த ஒரு ஷெட்டுக்கு அவள் தன் பெயரில் விண்ணப்பம் போட்டிருந்தாள். இன்னும் எட்டு நாளில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். சாம்பிளைக் காட்டி, அதை எப்படிச் செய்தாள் என்று ரெக்கார்டையும் காட்ட வேண்டும். ஷெட் கேட்ட விஷயம் தனசேகர் காதுக்குப் போனது. மறுநாளே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். மேஜை மேல் இருந்ததை எடுக்கக் கூட விடவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் எங்கள் கடைக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று போன் வந்திருக்கிறது. நான் வந்து திறந்ததை யூனிட்டில் கூட வேலை செய்த யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். அப்படி ஒரு பச்சை. திருப்பிக் காட்டினாள். 217 என்று இருந்தது.

"இதுல நம்பர் இருக்குது. நம்பருக்கு உண்டான கணக்கு உங்ககிட்ட போயிடுச்சி. இத வச்சிக்கினு நான் என்னா பண்றது, சொல்லுங்க?"

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் சொன்னது இதுதான். "கஸ்டமர் சொன்னாரு, செஞ்சேன். அவர் மெஷின், அவர்தான கூப்பிட்டாரு."

"பூட்டி இருந்துச்சில்லீங்க?"

"இருந்துச்சி."

"பூட்டி இருந்துச்சின்னா, யாரோ ஒருத்தங்க பூட்டியிருக்காங்கன்னுதான அர்த்தம்? அவுங்க யாருன்னு கேக்க மாட்டீங்களா? பாஸ்வேர்டு மறந்துபோனவரு தன் ஃபோல்டருக்குப் போயி என் பேர வைப்பாரா?"

அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை. வில்லையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எம் புள்ள போட்டோவையும் அழிச்சிட்டீங்களாங்க?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மெஷின் தனசேகர் ஆபீஸில் இருந்தது. அன்றே அதில் புதிதாக என்னென்னமோ ஏற்றிவிட்டார்கள். அவர் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நமக்கு எதுக்கும்மா அவுங்க சண்ட? கூப்ட்டாங்க, போனோம், முடிஞ்சிது" என்றார். முந்தாநாள் என்னைப் புகழ்ந்த அதே வாய். அன்று அவர்மேல் வந்த கோபத்தில் டூல் பையைத் தூக்கித் தரையில் அடித்தேன். மல்டி மீட்டர் உடைந்ததுதான் மிச்சம்.

தனசேகர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். கம்ப்யூட்டர் அவருடையது, கரண்ட் அவருடையது, அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவள். இருக்கலாம். அதை விசாரித்து முடிவு சொல்ல நான் யார்? சர்வீஸ் செய்கிறவள். ஆனால் அன்று அதை முடிவு செய்தது நான்தானே. எந்த விசாரணையும் இல்லாமல், ஒரு ஆள் என்னைப் பொம்பளைப் பிள்ளை என்று சொல்லிவிட்டார் என்ற ரோஷத்தில், இது அவருடையது என்று மெஷினில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பூட்டை எடுக்கிறபோது நாம் தீர்ப்பும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இது உங்கள் மண்டையில் ஏற வேண்டும்.

நான்கு நாள் கழித்துத் தனசேகர் மறுபடியும் போன் செய்தார். அந்தக் கெட்டிக்காரப் பொண்ணையே அனுப்புங்க என்றாராம்.

போனேன். மேஜை முழுக்கப் பிரிண்ட் எடுத்த தாள்கள். பக்கத்தில் அவருடைய சூளை மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சென்னைக்காரர் ஒருவர் முன்பே மெகர் அந்தப் பச்சையைப் பூசியிருந்த ஒரு கப்பைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தனசேகர் சரி என்று ஒப்புக்கொண்டும் விட்டார். மெகரை அனுப்பினாலும் கணக்கு நம் கையில் இருக்கிறதே என்ற தைரியம்.

"ஏதோ கோட் வேர்டு போட்டு வெச்சிருக்காம்மா. அதையும் தொறந்து குடு."

தாளைக் காட்டினார். மாமி 42. லாத்தா 25. சாச்சி 18. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டிப் பார்த்தேன். மச்சானையும் கொழுந்தனையும் சேர்த்தால் மொத்தம் சரியாக நூறு. அடுத்த தாளையும் கூட்டினேன், அதுவும் நூறு. ஒவ்வொரு பவுடருக்கும் அவள் ஒரு சொந்தக்காரரின் பெயரை வைத்திருந்தாள். எந்த மாமி எந்தப் பவுடர் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"மாமின்றது சைனா கிளேவா இருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு. போட்டுச் சுட்டுப் பாத்தோம். கொப்புளம் கொப்புளமா வந்துச்சி," என்றார் தனசேகர்.

மேஸ்திரி மெல்ல, "கொழுந்தன்தாங்க தகராறு. அது என்னான்னே புரியல" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "சார், நான் எடுக்கறது மெஷின்ல போட்ட பூட்டு. இது அவுங்க மண்டையில இருக்குது. அதுக்கு என்கிட்ட சாஃப்ட்வேர் இல்ல" என்றேன். "அன்னைக்கு யாருதுன்னு கேட்டேன், என்னுதுன்னு சொன்னீங்க. உங்களுதுன்னா நீங்களே படிங்க."

"என்னாம்மா, வாய் நீளுது?"

"நீளட்டும் சார். அன்னைக்கு நீண்டிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது." டூல் பையை மூடினேன். "அவுங்கள வரச் சொல்லுங்க. வேற வழி இல்ல."

மேஸ்திரியும் அதையே சொன்னார். தனசேகர் கொஞ்ச நேரம் கத்தினார், பிறகு போனை எடுத்தார்.

மெகர் மதிய பஸ்ஸில் வந்தாள். அதே கட்டைப் பை. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே வந்து, தான் நான்கு வருடம் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

தனசேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வேலையைத் திரும்ப எடுத்துக்கொள், சம்பளம் ஏற்றித் தருகிறேன், ஷெட்டெல்லாம் உனக்கெதற்கு, வீட்டுக்காரரும் ஊரில் இல்லை என்றெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல என்னுது என் கைக்கு வரட்டும் சார். அப்புறம் பேசலாம்."

"குடுத்தா சொல்லுவியா?"

"அப்புறம் பேசலாம்."

எட்டு நாளில் நான்கைந்து நாள் ஏற்கெனவே போயிருந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தில் அது கொஞ்சமும் தெரியவில்லை. தனசேகருக்கோ ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. பென் டிரைவை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் பையில் எப்போதும் காலி சிடி இருக்கும். எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன், குழந்தை படங்கள் உட்பட.

முடிந்ததும் அவள் சும்மா வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. "போட்டுக் காட்டுங்க" என்றாள் என்னிடம். போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கச் சொன்னாள். பையிலிருந்து வில்லைகளை எடுத்து நம்பரைத் திருப்பித் திருப்பி ஒத்துப் பார்த்தாள். 217 திறந்ததும் நிறுத்தினாள். சிடியைத் துப்பட்டா முனையில் துடைத்து, வில்லைகளோடு பைக்குள் வைத்துப் பை வாயை இழுத்து முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தனசேகருக்குப் புரியவில்லை.

"சரி, சொல்லு. மாமி என்னாது?"

"எங்க வூட்டுக்காரரோட அம்மா சார்."

"ஏய், வெளையாடாத. குடுத்தா சொல்றேன்னியே?"

"பேசலாம்னுதான் சார் சொன்னேன். பேசிட்டேன். சொல்ல மாட்டேன். போயிட்டு வரேன்."

அவர் கத்தியது பக்கத்து யூனிட் வரை கேட்டிருக்கும். மேஸ்திரி குனிந்து சிதறிய தாள்களைப் பொறுக்குவதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தனசேகர் எங்கள் கடைக்கு வேலை கொடுக்கவில்லை. கடைக்காரர் என்னை ஒரு மாதம் முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் தப்பை நான் சரி செய்தேன் என்று இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண் நம்மை மாதிரி ஆட்களை எதிர்பார்த்து, பூட்டுக்கு உள்ளே இன்னொரு பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். அவள் தப்பித்தது அவள் புத்தியால். அப்படி எல்லோரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் திறக்கிற பத்து ஃபோல்டரில் ஒன்பதில் உள்ளே இரண்டாவது பூட்டு இருக்காது. திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அன்று நானும் பின்னாலேயே ஓடினேன். பேட்டை வாசலில் அவளைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டேன். இறங்கியதும்தான் மன்னிப்புக் கேட்டேன். ஏழெட்டு நாள் தாமதமாக இல்லை, பூட்டியது யார் என்ற ஒரு கேள்வி தாமதமாக. அவள் சரிங்க்கா என்றாள். அக்கா என்று கூப்பிட்டதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அசட்டுத் தைரியம்.

"கொழுந்தன் என்னான்னு எனக்கு மட்டும் சொல்லேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். கேலி இல்லை, வன்மம் இல்லை.

"யாருக்கு வேணா சொல்லுவேங்க்கா. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

ஷெட் அவளுக்குக் கிடைத்தது. அந்தப் பச்சைக் கப் நன்றாகப் போனது. பெருநாளைக்கு எங்கள் கடைக்கு ஆறு கப் கொடுத்தனுப்பினாள். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள், பிள்ளை என்ன படிக்கிறான் என்று சொல்வாள். அதிலிருந்து நான் எந்தப் புது மெஷினிலும் பில்காரர் பெயரை அடித்ததில்லை. இதில் உட்காரப் போகிறவரைக் கூப்பிடுங்கள் என்பேன், அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பூட்டிய ஃபோல்டர் என்றால் பூட்டியவர் வரட்டும் என்பேன். வர முடியாது என்றால் என்னால் முடியாது என்பேன். முடியாதா, தெரியாதா என்று கிண்டல் செய்தால், தெரியாது என்றே சொல்லிவிட்டு வருவேன். என் கெட்டிக்காரப் பேர் அதில் கொஞ்சம் போனது. நீங்களும் இழக்கப் பழகுங்கள்.

மெகர் தன் யூனிட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். பேட்டைத் தூசி அதை மட்டும் சும்மா விடுமா, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் வேண்டும். பேட்டையிலிருந்து எங்கள் கடைக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். அவள் முக்கால் மணி பஸ் ஏறி நெய்வேலிக் கடைக்குக் கொண்டுபோவாள். கடலூர் ரோட்டில்தான் பஸ் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய சிபியுவை மடியில் பிடித்துக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டுவாள். என்னைப் பார்த்தால் கையைத் தூக்கி ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். வேலையை விடுகிற வருடம் வரைக்கும் ஆட்டினேன்.